மச்ச பலன் நூல்களும் புற ஊதாக் கதிரும்

மச்ச பலன் நூல்கள் மச்சம் இருக்கும் இடத்துக்குப் பலன் சொல்கின்றன. அது மாறுவதைப் பற்றிப் பேசுவதில்லை. இதுவே அவற்றின் பெருங்குறை. மச்சம் என்பது நிறமிச் செல்களின் திரட்சி. வெண்படைக்கு 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி சிகிச்சை தரும்போது மச்சம் கறுக்கலாம், சற்றே பெரிதாகலாம். சிகிச்சை நின்றபின் பெரும்பாலும் தணியும். வெயிலும் அதே வேலையைச் செய்யும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். (ஏலத்தோட்டத்தில் மர நிழலாவது உண்டு.) ஆனால் ஓரம் சிதைந்து, பல நிறமாகி, வளர்ந்துகொண்டே போகும் மச்சம் மெலனோமா என்னும் புற்றாக இருக்கக்கூடும். நம்மவர்க்கு அது வெயில் படாத உள்ளங்காலில் வருவதே மிகுதி. காலில் மச்சம் இருந்தால் பயண யோகம் என்று எழுதும் பக்கத்தில், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்ற ஒரு வரிகூட இல்லை.