தன்னிறைவு எனும் அளவுகோல்: இலங்கையின் உணவுத் திட்டமிடல் குறித்து ஒரு நோக்கு

இலங்கையின் வேளாண்மைத் திட்டங்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் நெல் விளைச்சற் புள்ளிவிபரங்களுடனேயே நின்றுவிடுகின்றனர். 1948ஆம் ஆண்டின் உத்தரவாத விலைத் திட்டம், 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், 1971இன் நெல் சந்தைப்படுத்தும் சபை என்பன நெல்லை மையமாகக் கொண்டு எழுந்தவையாதலின், இப்போக்கு வியப்புக்குரியதன்று. ஆயின் விளைந்த நெல்லின் அளவு, உண்டவர் யார் என்பதைக் கூறுவதில்லை. எவ்வளவு இறக்குமதியைத் தவிர்க்கலாம் என்ற கணக்கே நம் திட்டங்களின் உயிர்நாடியாக இருந்துள்ளது.

1972–76 ஐந்தாண்டுத் திட்டக் காலம் இதற்குத் தக்க சான்றாகும். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலிய உப உணவுப் பயிர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுப் பாசன விவசாயி நல்ல விலை கண்டான். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் குடியேறிய இளைஞர் மிளகாய்ச் செய்கையால் நிமிர்ந்தனர். இதனைத் திட்டமிடலின் சாதனை எனப் போற்றுவோர் உளர். அவ்வாறு கொள்ளுதல் அரிது. செலாவணித் தட்டுப்பாடு தந்த விலை, 1977இன் பின் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் வீழ்ந்தது. அவ்வேளை அவ்விவசாயியைத் தாங்கத்தக்க ஏற்பாடெதனையும் திட்டம் வலுவாக அமைத்திருக்கவில்லை.

இதனினும் கொடியது மலையகத்தில் நிகழ்ந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறவே, 1973இற் பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கின. அரிசியை இடத்துக்கிடம் கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடு இருந்தது. காணித்துண்டு உள்ளவன் மரவள்ளியையாவது நட்டு உயிர் தரித்தான். லயத்துத் தொழிலாளிக்கு நடுவதற்கு நிலம் ஏது? 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. எத்தேயிலையை விற்ற பணத்தில் நாடு அரிசியும் மாவும் வாங்கியதோ, அத்தேயிலையைக் கொய்தவர்களே பசியால் மடிந்தனர். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கரும் ஏனைய காணிக்கு 50 ஏக்கரும் என உச்சவரம்பு விதித்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்கள், தாம் தலைமுறைகளாகப் பண்படுத்திய மண்ணில் ஒரு துண்டுக்கேனும் உரியோராகக் கருதப்படவில்லை. உணவுப் பாதுகாப்பு என்ற பிரச்சினையைக் குடியுரிமையிலிருந்தும் காணியுரிமையிலிருந்தும் பிரித்து, வெறும் உற்பத்திப் பிரச்சினையாக நோக்கும் நம் பொருளியலாளர் சிலர் இவ்வாண்டுகளைக் கடந்து செல்லும் வேகம் கவனத்துக்குரியது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும் அதே அளவுகோலே தொழிற்பட்டது. சேதன வேளாண்மை என்னும் பெயர் அழகியதே. எனினும் செலாவணி வற்றிய வேளையில் அவ்வறிவிப்பு வந்தமையைத் தற்செயல் எனக் கொள்ள இயலவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. பயிர் வேண்டிய நேரத்தில் யூரியா இல்லை. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய ஆண்டினதிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. மிச்சம் பிடிக்க எண்ணிய செலாவணியை அரிசி இறக்குமதிக்குக் கொடுக்க நேர்ந்தது. 2022இல் உணவு விலைகள் உச்சத்துக்கு ஏறியபோது உணவுப் பாதுகாப்பின்மை மிகுதியாகப் பதிவானது, நகரத்திலன்று, கிராமத்திலுமன்று, தோட்டப்புறத்திலேயே.