காலத்தைத் திட்டமிடாத கண்காட்சி

அனிமேஷன், டிஜிட்டல் வடிவமைப்புத் துறைகள் ஆண்டிறுதியில் நடத்தும் மாணவர் கண்காட்சிகளில், ஷோரீல் எனப்படும் தொகுப்பு, அதாவது பல படைப்புகளிலிருந்து சில நொடித் துண்டுகளை வெட்டியெடுத்துப் பின்னணி இசையோடு கோத்த ஒன்றிரண்டு நிமிடக் காணொளி, முழுப் படத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது. கல்லூரிகளிலும் தனியார் பயிற்சி நிலையங்களிலும் பரவிவிட்ட இவ்வழக்கத்துக்கு ஆதரவாக, கூடத்துக்கு வருவோர் ஒரு திரையின் முன் அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, ஆகவே அந்த அரை நிமிடத்துக்குள் அவர்களைக் கவர்வதே முறை என்னும் வாதம் துறைசார்ந்தவர்களாலேயே முன்வைக்கப்படுகிறது. பார்வையாளர் நிற்காததை இயற்கை விதியாகக் கொள்ளும் இவ்வாதம், நிற்க முடியாதபடி கூடத்தை அமைத்தவர் யார் என்னும் கேள்வியை எழுப்புவதே இல்லை.

ஷோரீலுக்குப் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். மாடலிங், ரிக்கிங், ஒளியமைப்பு ஆகியவற்றுள் எது ஒரு மாணவருக்குக் கைவந்தது என்பதை அது விரைவில் காட்டிவிடும். கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோருக்கு வேலைவாய்ப்பு சிறிய விஷயமன்று. ஆயினும் அதன் இடம் நேர்காணல் அறை, கண்காட்சிக் கூடமன்று.

இக்கண்காட்சிகளின் திட்டம் ஓவியக் கண்காட்சியைப் பார்த்து வரையப்பட்டது என்பதே குறையின் வேர். 1850இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழியாகத் தமிழ்நாட்டில் வேரூன்றிய கூடக் காட்சி மரபில், சுவரின் நீளம், சட்டங்களுக்கிடையே இடைவெளி, கண்மட்டத்து உயரம், விளக்கு ஆகியவற்றைத் தீர்மானித்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும், ஏனெனில் எந்த நொடியில் வந்து நின்றாலும் ஓவியம் முழுதாகவே எதிரில் இருக்கும். அனிமேஷன் அவ்வாறன்று. அதன் மூலப்பொருள் காலம். தொடக்கமும் நடுவும் முடிவும் அந்த வரிசையிலேயே கண்ணுக்கு வந்தாலன்றி அப்படைப்பு நிகழ்ந்ததாகவே கொள்ள முடியாது. சட்டம் தொங்கிய ஆணியில் எல்இடி திரையை மாட்டிவிட்டு, லூப் முறையில், அதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தானே தொடங்கும்படி ஓடவிட்டால் போதும் என்று எண்ணும் திட்டம், இடத்தைக் கணக்கிட்டுக் காலத்தைக் கைவிட்ட திட்டமாகும். நான்கு நிமிடப் படம் ஒன்று இவ்வாறு ஓடுகையில், அதன் முதல் 15 நொடிக்குள் திரையருகே வந்து சேரும் வாய்ப்பு 16 பேரில் ஒருவருக்கே உண்டு. ஏனையோர் யாருடைய கதை என்று அறியாத நடுப்பகுதியில் நுழைந்து, அறியாமலே நகர்கிறார்கள். அவர்கள் பொறுமையற்றவர்கள் என்று பழிப்பதற்குக் கூடத்தை அமைத்தவர்களுக்கு உரிமை இல்லை.

ஷோரீல் இக்கேட்டைத் தீர்ப்பதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அதுவே இதை முழுமையாக்குகிறது. ஊசியில் நூல் கோக்க முயலும் முதியவள் ஒருத்தியின் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். நூல்முனை இருமுறை தவறுகிறது. அவள் கையைத் தாழ்த்தி அசையாது இருக்கிறாள். பிறகு தோள் சற்றே உயர, மூச்சை அடக்கி, மூன்றாம் முறை கோத்துவிடுகிறாள். நொடிக்கு 24 சட்டகம் என்னும் கணக்கில் இந்த 20 நொடிக்கு 480 சட்டகங்கள் தேவை. ஒரு வரைபடத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தும் வழக்கமான முறையில் வரைந்தாலும் 240 வரைபடங்கள். இதில் மாணவர் கற்ற கலை எங்கே இருக்கிறது? ஹோல்டு எனப்படும், பாத்திரம் அசையாது நிற்கும் அந்த இடைவேளையிலும், ஆன்டிசிபேஷன் எனப்படும், செயலுக்கு முன் உடல் தன்னைத் தயார்செய்துகொள்ளும் அந்தத் தோளசைவிலும்தான் இருக்கிறது. ஷோரீல் எடுத்துக்கொள்வதோ நூல் நுழையும் இரண்டு நொடியை. மீதமுள்ள 432 சட்டகங்களும் ‘ஒன்றும் நடக்காத இடம்’ என்று கழிக்கப்படுகின்றன. பத்துக் கச்சேரிகளின் தனியாவர்த்தன முத்தாய்ப்புகளை மட்டும் வெட்டி ஒட்டி, இதுவே மிருதங்கம் என்று கேட்கவைப்பதற்கு ஒப்பான செயல் இது. இதனினும் கேடானது, மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே இதை உணர்ந்துகொண்டு, வெட்டுக்கு ஏற்ற வெடிப்பும் பாய்ச்சலும் சுழலும் கேமராவும் மட்டுமே கொண்ட காட்சிகளைத் திட்டமிடத் தொடங்குவது. காட்டும் முறை இங்கே படைக்கும் முறையையே கெடுத்துவிடுகிறது.

ஒலிக்கு நேர்வது வேறு வகையான இழப்பு. ஒரே கூடத்தில் இருபது திரைகள் இருந்தால் ஒன்றின் ஒலி மற்றொன்றில் கலக்கும் என்பதற்காக எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டுப் பொதுவான இசை ஒன்றை ஒலிக்கவிடுவது வழக்கம். காலடி ஓசைக்காக இரவுகளைச் செலவிட்ட மாணவரின் உழைப்பை இதனால் யாருமே கேட்பதில்லை. படத்தின் இறுதியில் வரும் பெயர்ப்பட்டியலும் தொகுப்பில் விடுபடுவதால், கூட்டாகச் செய்த படத்தில் வரைந்தவர் யார், ஒலி அமைத்தவர் யார் என்பதும் தெரியாமற்போகிறது.

இத்துறையில் மதிக்கப்படும் நிறுவனங்களின் நடைமுறை வேறானது. அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸ் கல்வி நிறுவனம் தேர்ந்தெடுத்த மாணவர் படங்களை ஆண்டுதோறும் அழைக்கப்பட்ட பார்வையாளர்முன் முழுமையாகத் திரையிடுகிறது. பாரிஸின் கோப்லன் பள்ளி மாணவர்கள், 1960இல் தொடங்கிய அன்னெசி அனிமேஷன் விழாவின் திரையிடல்களுக்கு முன்னே காட்டப்படுவதற்கென்றே சிறு படங்களை ஆண்டுதோறும் செய்கிறார்கள். அவை மிகக் குறுகியவை, ஆனால் தமக்கென்று தொடக்கமும் முடிவும் கொண்டவை. இந்தியாவிலும், 1956இல் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து ராம் மோகன் உள்ளிட்டோரைப் பயிற்றுவித்ததன் விளைவாக 1957இல் வெளிவந்தது, ஜாதகக் கதையொன்றை முழுதாகச் சொன்ன ‘தி பேனியன் டீர்’ என்னும் படமே.

டிஜிட்டல் வடிவமைப்புப் பிரிவிலும் இதே தவறு வேறு உருவில் தொடர்கிறது. தொடுபவரின் விரலுக்கு மறுமொழி தரவேண்டிய செயலி, ஃபிளெக்ஸ் பலகையில் ஆறு திரைப்படிமங்களாக அச்சிடப்பட்டு நிற்கிறது. முன்மாதிரியை ஏற்றிய கைபேசி ஒன்றை மேசையில் வைத்து, வருபவரிடம் கொடுத்துப் பழகச் சொல்வதற்கு ஒரு மாணவர் அருகே இருந்தால் போதும் என்பது கூட யோசிக்கப்படுவதில்லை.

நேரமில்லை என்னும் சாக்கு கணக்குக்கு முன் நிற்காது. சராசரி நான்கு நிமிடம் கொண்ட 20 படங்கள் 80 நிமிடத்தில் முடியும். காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் கூடத்தில், இடைவேளைகளோடு அவற்றை நான்கு முறை முழுதாகத் திரையிட்டுவிடலாம். அடுத்த ஆண்டுக்குக் கூடம் பதிவுசெய்யப்போகும் துறைத்தலைவர்கள், வாடகைத் திரைகளை எண்ணுவதற்கு முன் படங்களின் நிமிடங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இருட்டாக்கக்கூடிய அறையும், உட்கார நாற்காலிகளும், வாசலில் நேர அட்டவணையும் கிடைக்காதெனில், கிடைக்கும் நாள்வரை கண்காட்சியைத் தள்ளிவைப்பதே அம்மாணவர்களுக்குச் செய்யும் நியாயம்.