நூறாண்டு நாற்காலியும் புது அலமாரியும்

சென்னையில் அடுக்ககத்தில் வீடு வாங்குவோர் சிலரிடம் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. சாவி கைக்கு வந்ததும் காரைக்குடிக்கு ஒரு நடை. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கி, பர்மா தேக்கில் ஒரு சாய்வு நாற்காலி, பித்தளைப் பூண் போட்ட கணக்குப்பெட்டி, முடிந்தால் ஓர் ஊஞ்சல் பலகை. மிச்சத்துக்கு உள்ளூர்க் கடையிலோ இணையத்திலோ புதுச் சாமான். பழசும் புதுசும் கலப்பதில் தவறில்லை. எதைப் பழசாக வாங்குவது, எதைப் புதிதாக வாங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தப் பொருள் வீட்டில் செய்யப்போகும் வேலையைப் பார்க்காமல் அதன் வயதுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

பழசின் பக்கமுள்ள நியாயம் சின்னதல்ல. காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு வீடுகளுக்குள் போன தேக்கு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாவிலிருந்து கடல்வழி வந்தது. காட்டில் நிதானமாக வளர்ந்து முதிர்ந்த மரம். வைரம் பாய்ந்த பகுதி அதிகம், வெளிறிய வெளிமரம் குறைவு. தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் அண்டாது, வெளிமரத்தை விடாது. தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டும் தேக்கில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, எக்குவடோர் போன்ற நாடுகளின் தேக்கும் நம் மரவாடிகளுக்கு வருகிறது. புத்தம் புதுக் கட்டிலைக் காட்டி ‘அசல் பர்மா தேக்கு’ என்று சொன்னால், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

மரத்தைவிடப் பெரிய பலம் இணைப்பில் இருக்கிறது. பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு கட்டையின் முனையை நாக்குபோலச் செதுக்கி, இன்னொன்றில் தோண்டிய குழிக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணி அடித்திருப்பார்கள். ஆடத் தொடங்கினால் அதைத் தட்டிக் கழற்றி, சீவி, மறுபடி பூட்டலாம். பிரம்பு அறுந்தால் சட்டத்தின் துளைகள் அப்படியே இருக்கும்; புதுப் பிரம்பு கோத்துப் பின்னிவிடலாம். அரக்கு பாலிஷ் மங்கினால் ஸ்பிரிட்டில் துடைத்து மறுபூச்சு கொடுக்கலாம். செய்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் வேறொரு தச்சர் கை வைக்க அதில் இடம் விட்டிருக்கிறார். நூறு வருடம் அது தாங்கியதற்கு இதுவும் காரணம்.

புதுச் சாமானில் மலிவான ரகம் தோற்பது இந்த இடத்தில்தான். மரத்தூளைப் பசை கலந்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டில் திருகாணி ஒருமுறை இறுகப் பிடிக்கும். வீடு மாற்றும்போது கழற்றி மாட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும். ஓரப்பட்டை பிரிந்து தண்ணீர் புகுந்தால் பலகை உப்பும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. வாடகை வீட்டுக்காரர் இரண்டு முறை வீடு மாறினால் அந்த அலமாரியின் ஆயுள் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் புதுசு எல்லாமே இப்படி என்பது அவசர முடிவு. ஐஎஸ் 710 முத்திரையுள்ள, கொதிநீரையும் தாங்கும் பிளைவுட்டில் செய்த சமையலறை அலமாரி ஈரத்தைச் சமாளிக்கும் அளவுக்கு, தொட்டியடியில் வைத்த பழைய மரப்பெட்டி சமாளிக்காது. பால் வற்றியபின் வெட்டும் ரப்பர் மரமும் போரான் மருந்து ஏற்றிப் பதப்படுத்தினால் நல்ல சாப்பாட்டு மேசையாகும்.

பழசின் குறைகளையும் கூசாமல் சொல்ல வேண்டும். முதல் குறை அளவு. அந்தச் சாமான்கள் வளவு, பட்டாலை போன்ற அகன்ற பகுதிகள் கொண்ட வீடுகளுக்குச் செய்தவை. இன்றைய படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. பழைய கட்டிலின் அளவுக்கு ஆயத்த மெத்தை கிடைக்காது. இலவம்பஞ்சு மெத்தை சொல்லித் தைக்க வேண்டும். பழைய துணி அலமாரி மடித்து அடுக்குவதற்கு. சட்டையை ஹேங்கரில் தொங்கவிடக் கிட்டத்தட்ட இரண்டடி ஆழம் வேண்டும். இழுப்பறை வைத்த எழுத்து மேசையைச் சாப்பாட்டு மேசையாக்கினால் முழங்கால் இடிக்கும். கழற்ற முடியாத பெட்டகம் லிஃப்டிலும் நுழையாது, மாடிப்படி வளைவிலும் திரும்பாது.

இரண்டாவது, மரத்தை அரிக்கும் உளு. சிறு துளைகளைக் கண்டதும் ஓட வேண்டாம். பழைய துளையில் பூச்சி இல்லாமலிருக்கலாம். சாமானைத் தட்டினால் துளையிலிருந்து வெளிறிய மாவு புதிதாக உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிர்ந்தால், அது வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் விருந்தாளியைக் கூட்டி வருகிறது.

மூன்றாவது, போலி. இடித்த வீட்டின் உத்தரத்தை அறுத்துப் போன மாதம் செய்த மேசையும் ‘ஆன்டிக்’ என்று விலை போகிறது. மரம் பழசு, மேசை புதுசு. அது மட்டமான சாமான் என்று பொருளல்ல. நூறாண்டு விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இழுப்பறையை உருவி அடிப்பாகத்தைப் பார்த்தால் பாதி உண்மை தெரியும். உராய்ந்து தேய வேண்டிய விளிம்பு கூராக இருந்தாலோ, முதுகுப் பலகை பிளைவுட்டாக இருந்தாலோ சந்தேகப்படலாம். கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. 1900இல் செய்ததாகச் சொல்லும் பெட்டியில் அது இருந்தால், பிற்காலத்துப் பழுது, அல்லது பிற்காலத்துப் பெட்டி.

நான்காவது கேள்வி பணத்தைப் பற்றியதல்ல; இந்தச் சாமான் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் தொழிலுக்கு விழுந்த அடி, அடுத்த தலைமுறையில் வீடுகள் மீது விழுந்தது. பங்காளிகள் பெருகினார்கள், ஊரைவிட்டுப் போனார்கள், பராமரிப்புச் செலவில் ஒத்துப்போகவில்லை. பல வீடுகள் தூண் தூணாகப் பிரிந்து விற்பனைக்கு வந்தன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்ற ஊர்த்தொகுதி செட்டிநாடு. வாங்குபவர்தான் வீட்டை இடிக்க வைக்கிறார் என்பது மிகை. சந்தை இல்லாவிட்டால் பல மரங்கள் விறகாகியிருக்கும். ஆனாலும் நாற்காலிக்கும் தூணுக்கும் வேறுபாடு உண்டு. நாற்காலி போனால் வீடு நிற்கும். தூண், நிலை, கதவு ஆகியவற்றுக்கு நல்ல விலை என்றால், நிற்கும் வீட்டைவிடப் பிரித்த வீடு லாபமாகிவிடும். அசையும் சாமானை வாங்கலாம். கட்டடத்தின் உறுப்பை வரவேற்பறை அலங்காரமாக்குவதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.

பழசு என்றால் தேக்கு மட்டும்தான் என்ற எண்ணமும் ஒரு குறை. தாத்தா வாங்கிய இரும்பு பீரோவும், கம்பிச் சட்டத்தில் பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலியும் பழம்பொருள் கடைக்கு இன்னும் போகவில்லை. பரணிலோ மொட்டை மாடியிலோ கிடக்கின்றன. பீரோவின் நெளிவை எடுத்து, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்தால் மீண்டும் வேலை செய்யும். வயர் நாற்காலியைப் பின்னத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரைக்குடிக்குப் போகும் முன் சொந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்ப்பது மலிவான யோசனை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிரிவினை தெளிவாகிறது. சுவரோடு ஒட்டி, அங்குலக் கணக்கில் அடங்க வேண்டியவை புதிதாக இருக்கட்டும்: சமையலறை அலமாரி, துணி அலமாரி, மெத்தையின் அளவுக்குக் கட்டுப்படும் கட்டில். தனித்து நின்று, இடம் மாறி, உடம்பையோ கையையோ தாங்குபவை பழசாக இருக்கலாம்: நாற்காலி, முக்காலி, எழுத்து மேசை, பெட்டி, ஊஞ்சல். எந்தப் பக்கம் வாங்கினாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இது ஆடினால், அறுந்தால், உடைந்தால் நம் ஊர்த் தச்சர் சரி செய்ய முடியுமா? முடியாது என்றால், அது நேற்றுச் செய்ததானாலும் நூறாண்டுக்கு முன் செய்ததானாலும், சொல்லும் விலைக்குத் தகாது.