மஞ்சட்கல்லும் சிவப்புத்துணிப் பேரேடும்

வங்காளத்து மளிகைக் கடைகளில் வரவு செலவு எழுதப் பயன்பட்ட, முரட்டுச் சிவப்புத் துணியால் கட்டப்பட்ட பேரேட்டுக்குக் ‘கேரோர் காத்தா’ என்று பெயர். நம் வணிகர்கள் சிட்டா, பேரேடு என்று வைத்திருந்தவற்றின் இனம்தான். சத்யஜித் ராய் (1921–1992) தம் படங்களுக்கான காட்சிகள், உடைகள், முகங்கள், உரையாடல், இசைக்குறிப்பு அனைத்தையும் இத்தகைய பேரேடுகளில்தான் வரைந்தும் எழுதியும் வந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் பயின்றவர். விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். எனவே அவருடைய கதைகளுக்கு எழுத்தைப் போலவே கோடும் தாய்மொழி எனலாம்.

அப்பேரேடுகளுக்கு மீண்டும் மீண்டும் பொருள் தந்த ஊர் ஜைசல்மேர். 1969இல் வெளிவந்த ‘கூப்பி கைன் பாகா பைன்’ படத்தில் ஹல்லா அரசனின் கோட்டையாக அது தோன்றியது. அப்படத்துக்கென ராய் தீட்டிய உடை வரைபடங்கள் பிற்காலத்தில் பலமுறை அச்சேறியுள்ளன. 1971இல் ‘சோனார் கெல்லா’ (பொற்கோட்டை) என்னும் துப்பறியும் நாவலை எழுதினார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1974இல், அதையே வண்ணப்படமாக எடுத்தார். 1156இல் ராவல் ஜைசல் திரிகூடக் குன்றின்மேல் எழுப்பிய கோட்டை வங்காளச் சிறுவர்களின் கனவூராக மாறியது இவ்வாறுதான். கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியதோ 2013இல்.

கதைக்குள்ளும் ஒரு படக்குறிப்பேடு இருக்கிறது. முகுல் என்னும் சிறுவன் நள்ளிரவில் எழுந்து கோட்டையும் மயிலும் ஒட்டகமுமாக வரைந்து தள்ளுகிறான். முற்பிறவியில் தான் கண்ட ஊர் என்கிறான். மறுபிறவிக் கொள்கை நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் கதையை அதற்காக ஒதுக்கவேண்டியதில்லை. தன் கண்ணால் காணாத ஓர் ஊரைக் கோட்டினால் மீட்கப் பார்க்கும் குழந்தையே அங்கு முக்கியம். புதையல் தேடிவந்த கயவர்கள் அவன் படங்களை நிலவரைபடமாகப் படிக்கிறார்கள். அவனோ இடிந்த வீட்டைக் கண்டபின், கொல்கத்தாவிலுள்ள தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான். குழந்தையின் படத்தையும் கயவரின் பேராசையையும் இப்படி எதிரெதிரே நிறுத்தியிருப்பது ராயின் மிகச் சிறந்த கற்பனைகளுள் ஒன்று.

துப்பறிவாளர் ஃபெலூதாவுக்கு ஊரைக் காட்டிக்கொடுப்பது ஒரு மஞ்சட்கல் கிண்ணம். பொன்னாலான கற்கிண்ணம் என்பது வங்காளியில் இல்லாத பொருளைக் குறிக்கும் வழக்கு. நம் முயற்கொம்பு போல. இல்பொருளே கையில் கிடைக்கிறது. கோட்டை பொன்னன்று, அந்தி வெயிலில் பொன்னிறம் கொள்ளும் மணற்கல் என்பது விளங்குகிறது. இவ்வளவு நுட்பமாகக் கல்லைப் படித்த கலைஞர், அக்கல்லைச் செதுக்கிய கை யாருடையது என்று மட்டும் ஏன் கேட்கவில்லை என்பதே என் வினா.

ஜைசல்மேரின் கல்வேலையில் பெரும்பங்கு சிலாவட் எனப்படும் கல்தச்சர்களுடையது. சிலா என்றால் கல். தமிழிலும் சிலைக்குக் கல் என்று பொருளுண்டு. இவர்கள் முஸ்லிம்கள். பட்வா வணிகர்களின் ஐந்து மாளிகைகளில் முதலாவது 1805இல் தொடங்கப்பெற்றது. சலீம் சிங் மாளிகை 1815ஐச் சார்ந்தது (பெயரைக் கொண்டு மயங்க வேண்டா, அந்தத் திவான் முஸ்லிம் அல்லர்). 1885இன் நத்மல் மாளிகையை ஹாத்தி, லாலு என்னும் முஸ்லிம் உடன்பிறப்பினர் இருவர் கட்டினர். ஆளுக்கொரு பாதியைச் செதுக்கினர் என்பர். தொலைவிலிருந்து பார்க்க இரு பாதிகளும் ஒன்றே. நெருங்கினால் பூவுக்குப் பூ வேறுபடும். பாதல் மஹால் கோபுரமோ முஹர்ரம் தாஜியாவின் வடிவில் அடுக்கடுக்காக உயர்வது. முஸ்லிம் கைவினைஞர்கள் தம் இந்து மகாராவலுக்கு அதைப் பரிசாக அளித்தனர். தாஜியாவைப் பற்றிய மார்க்க விவாதம் வேறு. இங்கு நாம் காண்பது, ஒரு சமூகம் தன் நினைவின் வடிவத்தையே அரசனுக்குக் கல்லில் வழங்கிய செயலை.

ராயின் பொற்கோட்டையில் இவர்களுக்கு இடமில்லை. ராம்தேவ்ரா ரயில் நிலையத்தில், இரவில், பாலைப் பாடகர்கள் பாடும் காட்சி உண்டு. படத்தின் உயிரான பகுதிகளுள் அது ஒன்று. பாடகனுக்குக் கிடைத்த அந்த நிமிடங்கள் கல்தச்சனுக்குக் கிடைக்கவில்லை. சிறுவர் கதையில் சமூக வரலாற்றைத் தேடுவது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெயிலும் ஒட்டகமும் கொள்ளும் பேரேட்டில் உளி பிடித்த கைக்கு ஓரிரு கோடுகள் கொள்ளாமற் போகா. மேலும், படம் வந்தபின் வங்காளப் பயணிகள் திரளாக அங்குச் சென்றார்கள். எனவே அவர் விட்டது அவர்கள் கண்ணிலும் விடுபட்டது.

இக்குறை ராய் ஒருவருக்கே உரியதன்று. போளூரை அடுத்த திருமலையில், சமணக் குகையின் வண்ண ஓவியங்களுக்கு அருகே, முதலாம் ராஜேந்திரனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. மன்னன் வென்ற நாடுகளின் பட்டியல் அதில் உண்டு. ராயின் வங்காளமும் அப்பட்டியலில் இருக்கிறது. குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கக் கொடையளித்த வணிகரின் மனைவி சாமுண்டப்பையின் பெயரும் இருக்கிறது. வென்றவனும் கொடுத்தவளும் நினைக்கப்படுகிறார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் நாமும் அக்குகைக்குச் சென்றால் எந்த அரசர் காலம் என்றுதான் கேட்கிறோம்; சுண்ணச் சாந்து பூசித் தூரிகை பிடித்தவரைப் பற்றிக் கேட்பதில்லை.

சிலாவட்களில் பலர் ஆங்கிலேயர் காலத்திலேயே கராச்சிக்குப் பெயர்ந்து, அந்நகரின் கற்கட்டடங்களில் உழைத்தனர். ஜைசல்மேரின் கல்வேலையை இன்று எழுதப் புகுவோர் எல்லைக்கு இரு புறத்தும் பார்க்கவேண்டியிருக்கிறது. ராயின் பேரேடு கோட்டையின் நிறத்தை நமக்குச் சேர்த்துத் தந்துவிட்டது. நத்மல் மாளிகையின் முகப்பை வலப்பாதி, இடப்பாதி என இரு பக்கங்களாக வரைந்து, ஒன்றில் ஹாத்தி என்றும் மற்றதில் லாலு என்றும் எழுதும் ஒரு பேரேட்டை நான் எதிர்பார்க்கிறேன்.