சட்டைப்பையில் ஒரே ஒரு தோட்டா

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960 அக்டோபரில் தொடங்கிய 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' நடப்பது மேபெரி என்ற கற்பனைச் சிற்றூரில். அங்கே ஷெரிஃப் ஆண்டி டெய்லர் இடுப்பில் துப்பாக்கி கட்டுவதில்லை. அவருடைய உதவியாளன் பார்னி ஃபைஃப் கட்டுவான். ஆனால் அந்தத் துப்பாக்கி வேண்டாத நேரத்தில் வெடித்துவிடும் என்பதால் அவனுக்குத் தோட்டா ஒன்றே ஒன்றுதான். அதையும் சட்டைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து வந்ததும் பார்னியின் விரல்கள் பையின் பொத்தானைத் தேடும், தடுமாறும், தோட்டாவைத் துழாவும். முகமோ, எல்லாம் தன் பிடிக்குள் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். கை ஒரு கதை சொல்ல, முகம் வேறொரு கதை சொல்லும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் டான் நாட்ஸ் என்ற நடிகரின் கலை முழுவதும் இருக்கிறது.

பயந்தாங்கொள்ளி வேடம் போட்டுச் சிரிக்கவைத்தவர்கள் எத்தனையோ பேர். பயத்தை மறைக்க ஒரு மனிதன் படும் பாட்டை நாட்ஸைப் போல நடித்தவர் வேறொருவரை நான் பார்த்ததில்லை. பார்னி மார்பை நிமிர்த்துவான், பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொள்வான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டம் பேசுவான். தொண்டை மட்டும் சொல் பேச்சுக் கேட்காது. அதிகாரமாகத் தொடங்கிய குரல் பாதி வாக்கியத்தில் கீச்சென்று ஏறிவிடும். சிரிக்கிறோம், சிரித்த கையோடு அவனுக்காக வருந்தவும் செய்கிறோம்.

நாட்ஸ் 1924இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் பிறந்தார். தந்தை மனநோயால் பாதிக்கப்பட்டவர்; வீட்டில் அச்சம் நிரந்தரமாகக் குடியிருந்தது. தாய் வீட்டில் தங்கல்காரர்களை வைத்துக் குடும்பத்தை நடத்தினார். பையன் பொம்மையைப் பேசவைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு மேடையேறினான். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பகுதியில் படைவீரர்களுக்கு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் குழுவில் இருந்தார். பிறகு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம், நியூயார்க்கில் வானொலி வாய்ப்புகள், சிறிது காலம் ஒரு தொலைக்காட்சி நெடுந்தொடர். 1955இல் 'நோ டைம் ஃபார் சார்ஜென்ட்ஸ்' என்ற பிராட்வே நாடகத்தில் அவருக்குக் கிடைத்தவை சிறு வேடங்கள். ஆனால் அந்த நாடகத்தின் கதாநாயகன் ஆண்டி கிரிஃபித்.

அடுத்து ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சி. தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பதுபோன்ற ஒரு பகுதியில், நாட்ஸ் நடுங்கிச் சாகும் ஆளாக வருவார். பதற்றமா என்று கேட்டால், கண்கள் பிதுங்க, இல்லை என்று ஒரே சொல்லில் வெட்டுவார். பார்னியின் விதை அந்த மறுப்பில் இருக்கிறது. நடுக்கத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அங்கே நகைச்சுவைக்கு வேலையே இல்லை.

கிரிஃபித் ஷெரிஃபாக நடித்த முன்னோட்டப் பகுதி 1960 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்த நாட்ஸ், அந்த ஷெரிஃபுக்கு ஓர் உதவியாளன் வேண்டாமா என்று தாமே தொலைபேசியில் கேட்டார். தொடர் தொடங்கியபோது சிரிக்கவைக்கும் பொறுப்பு கிரிஃபித்துடையதாகத்தான் இருந்தது. ஓரிரு பகுதிகளிலேயே அவர் புரிந்துகொண்டார்: நாட்ஸ் சிரிக்கவைக்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தன் பெயரில் நடக்கும் தொடரில் இன்னொருவருக்கு இடம்விட்டு நின்ற அந்தப் பெருந்தன்மை இல்லாமல் பார்னி இல்லை.

அந்த இணக்கத்தின் உச்சம் 1963இல் வந்த ஒரு காட்சி. பள்ளியில் படித்த அரசியலமைப்பு முகவுரை தனக்கு இன்னும் மனப்பாடம் என்று பார்னி பெருமையடிக்கிறான். எடுத்துக்கொடுத்தால் போதும் என்கிறான். முதல் சொல்லைக் கிரிஃபித் கொடுக்கிறார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. பார்னியின் கண்கள் நண்பனின் உதடுகளையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே உருவாகும் சொல்லைப் பாதியில் பிடுங்கி, தனக்கே தோன்றியதுபோல் முழங்குகிறான். கடைசியில் அவன் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள்! முழுவதையும் தானே ஒப்பித்துவிட்டதாக அவன் மனமார நம்புகிறான். உதடுகளைத் தவிர கிரிஃபித்தின் முகம் அசைவதே இல்லை. கச்சேரியில் தம்புரா போல அது ஒரே சுருதியில் நிற்பதால்தான் நாட்ஸின் ஒவ்வொரு பிசிறும் நமக்குக் கேட்கிறது.

அடக்கி நடிப்பதிலும் அவர் சமர்த்தர். 'மேன் இன் எ ஹரி' பகுதியில், ஞாயிற்றுக்கிழமை மந்தத்தில் பார்னி திண்ணையில் சாய்ந்தபடி, வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம், பிறகு காதலி தெல்மா லூ வீட்டில் தொலைக்காட்சி என்று தன் திட்டத்தைச் சொல்கிறான். எழுந்து போவதில்லை. சற்று விட்டு அதையே மறுபடி சொல்கிறான். நகைச்சுவைத் துணுக்கு என்று எடுத்துச் சொல்ல அதில் எதுவுமில்லை. அவசரமில்லாத ஓர் ஊரின் முழு மதியமும் அந்தச் சோம்பல் குரலில் வந்து இறங்கிவிடுகிறது.

ஐந்து ஆண்டுகளோடு தொடரை முடிப்பதாகக் கிரிஃபித் சொல்லிவந்ததால், நாட்ஸ் யுனிவர்சல் நிறுவனத்துடன் படங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு 1965இல் விலகினார். தொடரோ 1968 வரை ஓடியது. கடைசி ஆண்டில் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடமும் பிடித்தது. எண்ணிக்கை குறையாவிட்டாலும் மேபெரியின் படபடப்பு நின்றுபோயிற்று. பார்னி வேடத்துக்காக நாட்ஸ் பெற்ற எம்மி விருதுகள் ஐந்து. அவற்றில் கடைசி இரண்டும் விலகிய பிறகு விருந்தினராக வந்துபோனதற்கு என்பதே அவர் விட்டுச்சென்ற இடத்தின் அளவைச் சொல்லும்.

'தி கோஸ்ட் அண்ட் மிஸ்டர் சிக்கன்' போன்ற படங்களில் அவர் நாயகனாகவும் வென்றார். ஆனால் 1970இல் அவர் பெயரிலேயே வந்த நிகழ்ச்சி ஓராண்டோடு நின்றது. அவருடைய நகைச்சுவைக்கு அன்போடு கவனிக்கும் ஒரு கண் அருகில் வேண்டும் என்பதற்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்வேன். 1979இல் 'த்ரீஸ் கம்பெனி' தொடரில் வாடகைக் குடியிருப்பின் மேலாளர் ஃபர்லியாக வந்தபோது ஆட்டக்களமே வேறு. மேபெரியில் ஒற்றைக் கேமரா, பார்வையாளர் கிடையாது. இங்கே எதிரில் உட்கார்ந்து சிரிக்கும் கூட்டம். அதற்கேற்பக் கண்ணை இன்னும் விரித்தார், கழுத்துத் துணிக்குப் பளிச்சென்ற நிறங்களைச் சேர்த்தார், சிரிப்பு அடங்கக் காத்திருந்து அடுத்த வசனத்தைப் போட்டார். பெண்களெல்லாம் தன்மேல் மயங்குவதாக நம்பும் ஃபர்லியும், ஊரே தன் தோளில் நிற்பதாக நம்பும் பார்னியும் உறவுக்காரர்கள்தாம். பின்னாளில் 'மேட்லாக்' தொடரில் கிரிஃபித்தின் அண்டைவீட்டுக்காரராக மீண்டும் அவரோடு சேர்ந்தார். 2006 பிப்ரவரியில், 81ஆம் வயதில் மறைந்தார். பிறந்த ஊரான மார்கன்டவுனில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் கறுப்பு வெள்ளையில் வந்த முதல் ஐந்து சீசன்களிலிருந்து தொடங்கலாம். நாட்ஸ் முழுமையாக இருந்த ஆண்டுகள் அவைதாம். அந்த முகவுரைக் காட்சியை மட்டும் இரண்டு முறை பாருங்கள்: முதலில் நாட்ஸை, அடுத்து கிரிஃபித்தை. ஒருவர் விழுவதற்குத் துணிய, இன்னொருவர் அவர் மானம் போகாமல் தாங்குகிறார். நகைச்சுவை நடிப்பில் இதைவிட உயர்ந்த நாகரிகம் எனக்குத் தெரிந்து இல்லை.