பித்தளைத் துளையின் பேரழகு

கார் எஞ்சினின் திறனைக் கூட்டும் நைட்ரஸ் என்றதும் எல்லோர் கண்ணும் நீலச் சிலிண்டருக்கே போகிறது. 1978-இல் கலிஃபோர்னியாவில் பிறந்த என்.ஓ.எஸ். நிறுவனத்தின் அந்த நீலம் அமெரிக்க டிராக் பந்தயத் திடல்களில் அத்தனை பிரசித்தம். ஆனால் தன் காருக்கென்று ஒரு நைட்ரஸ் கிட்டைத் தேர்ந்தெடுக்க வந்தவர் முதலில் உள்ளங்கையில் ஏந்திப் பார்க்க வேண்டியது ஒரு ஜெட்டை. பொன்னொளி வீசும் சின்னஞ்சிறு பித்தளை. நடுவே ஒரு துளை. 52 என்று எண் பொறித்திருந்தால், அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் 52 பங்கு அகலம். கூடும் திறன் 100 குதிரையா, 150-ஆ என்பதை இந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. நாகஸ்வரத்தில் கோத்துத் தொங்கும் சீவாளிகளில் அன்றைக்கு இசைவதை வித்வான் தேர்ந்தெடுப்பாரே, அந்தப் பரிவோடு தொட்டெடுக்க வேண்டிய பொருள் இது.

ஜெட்டுகள் பெரும்பாலும் இணையாகவே வரும்: ஒன்று நைட்ரஸுக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம். நைட்ரஸ் ஆக்சைடில் 36. எஞ்சினுக்குள் வெப்பம் 300 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது பிரிந்து ஆக்சிஜனைத் தருகிறது. அந்த ஆக்சிஜனுக்கு ஈடாகப் பெட்ரோலும் சேராவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். ஆகவே இரு துளைகளுக்கும் உள்ள பொருத்தமே இந்தக் கலையின் உயிர்நிலை.

பெட்ரோலைச் சேர்க்கும் விதத்தில் கிட் இரு வகை. டிரை கிட் நைட்ரஸை மட்டும் செலுத்தி, பெட்ரோலை இன்ஜெக்டர்களின் பொறுப்பில் விடுகிறது. வெட் கிட் இரண்டையும் சேர்த்தே தூவுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய அமெரிக்க வி8 என்றால் என் மனம் பிளேட்டைத்தான் நாடும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே அடக்கமாக அமரும் அலுமினியத் தகடு. அதன் வாய்க்குக் குறுக்கே மெல்லிய தெளிப்புக் குழாய்கள். சீறி வரும் நைட்ரஸ் பெட்ரோலைப் பனித்தூவலாகச் சிதைக்கிறது. திரவம் ஆவியாகும் குளிர்ச்சியில் உள்ளே போகும் காற்றும் அடர்கிறது. மூடியை இறுக்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. எவ்வளவு நாகரிகமான ஒளிவு!

டைரக்ட் போர்ட் அமைப்பின் எழிலோ வேறு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நாசில், தனி ஜெட். நடுவிலுள்ள பகிர்வுக் கட்டையிலிருந்து கிளைக்கும் குழாய்களை ஒரே வளைவில், ஒரே சாய்வில் கையால் வளைத்திருப்பார்கள். தேர்ந்த கைவினைஞர் வளைத்த குழாயில் ஒரு நசுக்கல் இராது; ஒளி அதன்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். அதிகத் தாகமுள்ள சிலிண்டருக்கு மட்டும் சற்றே பெரிய ஜெட் மாட்டலாம் என்பது அதன் தனிச் சலுகை. முழுப் பந்தய எஞ்சினுக்கே இது தகும் என்பேன்.

கண்ணுக்குத் தெரியாத நயங்களும் உண்டு. நைட்ரஸ் நிரம்பிய நீலச் சிலிண்டருக்குள் ஒரு சைஃபன் குழாய் அடிப்பக்கம் வளைந்திருக்கிறது. கார் பாயும்போது திரவம் பின்னோக்கி ஒதுங்கும் என்று முன்பே அறிந்து, அங்கேயே அது வாய் வைத்திருக்கிறது. வால்வு முன்னோக்கியும் லேபிள் மேல்நோக்கியும் இருக்கும்படி பொருத்தச் சொல்வதன் காரணம் இதுதான்.

நல்ல கிட்டில் இன்னொரு கருணையும் சேர்ந்திருக்க வேண்டும்: விண்டோ சுவிட்ச். ஆக்சிலரேட்டர் முழுக்க அழுந்தியிருந்தாலும் எஞ்சின் வேகம் குறித்த எல்லைக்குள் வரும்வரை நைட்ரஸை அடைத்திருக்கும் சோலனாய்டு வால்வை அது திறக்கவிடாது. எல்லை கடந்ததும் வால்வு தானே மூடிக்கொள்ளும். இந்தச் சுவிட்சையும், ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் இக்னிஷனை ஏறத்தாழ 2 டிகிரி பின்னுக்குத் தள்ளும் டைமிங் கருவியையும் வாங்கிய பிறகே பெரிய ஜெட்டின் மீது ஆசை வைக்கலாம்.