எதிர்மேசைக் காதல்

இலகுவான காதல் நாவல் என்றதும் எம்மிடையேயுள்ள விமர்சகர் பலர் முகஞ் சுளிப்பர். ‘நசிவிலக்கியம்’ என்றொரு முத்திரையைக் குத்திவிட்டால் தம் கடமை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். அந்நூலை ஏராளமானோர் ஏன் விரும்பிப் படிக்கின்றனர் என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. வாசகரை முதலாளித்துவம் மயக்கிவிட்டது என்பது விடையாகாது. பகல் முழுவதும் கந்தோரில் உழைத்து, வீடு திரும்பி, அடுப்படி வேலையும் முடித்து, படுக்கப் போகுமுன் ஒரு மணி நேரத்தை ஒரு நூலுக்கென ஒதுக்கும் பெண்ணொருத்தி அந்நூலிலே எதையோ பெறுகின்றாள். அது யாதென அறிய முயலாமல் ஏசுவது, அவளுடைய பேரால் பேசிக்கொண்டே அவளை அவமதிப்பதாகும்.

இந்நோக்குடன் நாம் எடுத்துக்கொள்வது, அவுஸ்திரேலிய எழுத்தாளர் சலி தோர்ன் எழுதிய ‘த ஹேற்றிங் கேம்’ என்னும் ஆங்கில நாவலாகும். ‘வெறுப்பு விளையாட்டு’ எனத் தமிழிற் சொல்லலாம். 2016இல் வெளிவந்த இஃது ஆசிரியரின் முதல் நாவல். 2021இல் திரைப்படமாகவும் வந்தது. கதை எளியது. தள்ளாடும் இரு புத்தக வெளியீட்டு நிறுவனங்கள் ஒன்றாய் இணைக்கப்படுகின்றன. ஒன்று நூல்களை நேசித்தோரின் நிறுவனம். மற்றையது கணக்குகளை நேசித்தோரின் நிறுவனம். இணைந்த நிறுவனத்துக்கு இரண்டு தலைவர்கள். அவர்களுக்கு இரண்டு உதவியாளர்கள். லூசி ஹற்றன், ஜோசுவா ரெம்பிள்மன் என்னும் அவ்விருவரும் நேருக்கு நேரான மேசைகளில் நாள் முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தபடி இருக்க விதிக்கப்பட்டோர். கண்ணிமைக்காது பார்த்தல், ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்துகாட்டல், ஆளணிப் பிரிவுக்கு முறைப்பாடு செய்தல் எனப் பகை விளையாட்டாக வளர்கின்றது. பின்னர் உயர்பதவி ஒன்று புதிதாக உருவாகின்றது. இருவரும் அதற்குப் போட்டியிடுகின்றனர். வெல்பவர் மற்றவருக்கு மேலதிகாரி.

பகை காதலாக மாறும் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எந்த வாசகியும் ஊகித்துவிடுவாள். 1813இல் ஜேன் ஒஸ்ரின் ‘பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்’ நாவலில் நடந்துகாட்டிய பாதைதான் அது. முடிவு தெரிந்த கதையைப் படிக்கிறார்களே என எள்ளுவோர், கோவலன் கொலையுண்பான் எனத் தெரிந்தே நாம் சிலப்பதிகாரத்தைத் திறப்பதையும், முடிவு தெரிந்தே காத்தவராயன் கூத்துக்கு விடியவிடியக் கண்விழித்து இருப்பதையும் மறந்துவிடுகின்றனர்.

கதையைச் சொல்பவள் லூசி. உருவத்திற் சிறியவள், நாவிற் பெரியவள். தன்னையே கேலிசெய்துகொள்ளும் அவளது பேச்சில் உண்மையான நகைச்சுவை உண்டு. ஆனால் நாவலின் கவர்ச்சி அதனினும் ஆழமான ஓரிடத்தில் ஊன்றி நிற்கின்றது. ஜோசுவாவின் மேசைக் குறிப்பேட்டிலே சில எழுத்துக்கள் நாள்தோறும் குறிக்கப்பட்டிருப்பதை லூசி கண்டுபிடிக்கின்றாள். அன்றன்று அவள் என்ன உடை அணிந்து வந்தாள் என்பதற்கான அடையாளங்கள் அவை! அவளும் சளைத்தவள் அல்லள். அவன் எந்த நிறச் சேட்டுக்குப் பின் எந்த நிறச் சேட்டு அணிவான் என்னும் ஒழுங்கை மனப்பாடமாக வைத்திருக்கின்றாள்.

சக ஊழியன் ஒருவன் ஒரு பெண்ணின் உடையை இவ்வாறு குறித்துவைப்பதை வாழ்விலே காதல் என்று எவரும் கொள்ளார், அது தொல்லை. இதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. ஆயினும் கதையுள் அது ஏன் இனிக்கின்றது? கந்தோரில் உழைப்பவர் நாள்தோறும் கணக்கிடப்படுபவர். வந்த நேரம், போன நேரம், முடித்த வேலை, எடுத்த லீவு, எல்லாமே பதிவாகும். ஆள் மட்டும் பதிவாவதில்லை. எழுந்து போனால் அவளது நாற்காலியில் நாளை இன்னொருத்தி இருப்பாள். இவ்வாறு எண்ணப்பட்டும் காணப்படாதும் வாழும் ஒருத்திக்கு, தன்னைத் தானாகவே ஒருவன் இத்தனை நாளும் கண்டுகொண்டிருந்தான் என்பது பெரும் செய்தி. அவனது படுக்கையறைச் சுவருக்குப் பூசிய நீலம் அவள் கண்களின் நீலமே என நாவல் பின்னர் கூறும்போது நாம் புன்னகைக்கின்றோம். மிகைதான், ஆனால் பசித்தவர்க்குப் பரிமாறும்போது அளவு பார்ப்பதில்லை.

இதனோடு சேர்த்துக் கருதவேண்டிய கட்டம் ஒன்றுண்டு. நிறுவனம் ஒழுங்கு செய்த வர்ணக்குண்டு விளையாட்டின்போது லூசி நோயுறுகின்றாள். ஜோசுவா அவளை வீடு சேர்த்து, காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடக்கும் அவளுக்கு இரவிரவாகப் பணிவிடை செய்கின்றான். எமது நோக்கில் நாவலின் உச்சம் இதுவே. முத்தக் காட்சிகள் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஜனிஸ் றட்வே 1984இல் வெளியிட்ட ‘றீடிங் த றொமான்ஸ்’ என்னும் நூல் இதனை விளங்கிக்கொள்ள உதவும். அவர் நூல்களை மட்டும் ஆராயாமல், ஓர் ஊரிற் காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே சென்று கேட்டார். அவர்களிற் பெரும்பாலோர் மனைவியர், தாய்மார். வாசிக்கும் நேரம் ஒன்றே தமக்குரிய நேரம் என்றனர். அவர்கள் விரும்பிய கதாநாயகன் வீரன் மட்டும் அல்லன், பராமரிக்கத் தெரிந்தவன். குடும்பத்தார் யாவரையும் பராமரிப்பவளைப் பராமரிக்க வீட்டில் எவருமில்லை. அந்த வெற்றிடத்திலே காதல் நாவல் வந்து அமர்கின்றது. இதனைப் ‘பொய்யுலகம்’ என்பவர் அவ்வீட்டின் அடுப்படியை எட்டிப்பார்த்தவர் அல்லர்.

இனி, நாவல் நம்மை ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். வேலைத்தலத்துக் காதல் புதிய பொருளன்று. 1740இல் றிச்சேட்சன் எழுதிய ‘பமேலா’வில் வேலைக்காரச் சிறுமியைத் துன்புறுத்தி அடைத்துவைக்கும் எசமானே இறுதியில் அவளை மணக்கின்றான். 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில் ஆசிரியையாக வீட்டில் இருப்பவளைக் காதலிப்பவன் அவளுக்குச் சம்பளம் கொடுப்பவன். அவற்றில், எவ்வளவு மறைத்தாலும், கூலி கொடுப்பவன் கதைநடுவே நின்றான். தோர்னின் நாவலிற் காதலர் இருவரும் சம்பளம் வாங்குபவர்; சமமானோர். இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வேளை கூலி கொடுப்பவன் கதையின் ஓரத்துக்கு நழுவிவிட்டான். நிறுவனத் தலைவர் இருவரில் ஒருவர் வேடிக்கைப் பாத்திரம். மற்றவர் அன்பான அம்மையார்.

நிறுவனங்கள் இணைந்தபோது வேலை இழந்தோர் உளர். லூசியின் நெருங்கிய தோழி அவர்களுள் ஒருத்தி. அதனோடு நட்பும் முறிந்தது. இது கற்பனையின் மிகையன்று. இந்நாவலை வெளியிட்ட வில்லியம் மொறோ ஹார்ப்பர் கொலின்சுக்கு விற்கப்பட்டது 1999இல். பெங்குவினும் றாண்டம் ஹவுசும் ஒன்றானது 2013இல். காதல் நாவலுக்கே பேர்போன ஹார்லெக்குவின் ஹார்ப்பர் கொலின்சைச் சேர்ந்தது 2014இல். எனவே ஆசிரியர் தொட்டிருப்பது தம் பதிப்பாளர் உலகத்தின் பச்சைப் புண்ணையே. தொட்டவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். லூசியின் தனிமைக்குக் காரணம் அந்த இணைப்பு. அவளது கோபம் பாய்வதோ எதிர்மேசைமீது. எதிர்மேசைக்காரனோ நல்லவன் என்று தெரியவருகின்றது. கோபம் காதலாகக் கரைந்துபோகின்றது. கோபித்திருக்கவேண்டியவர்களை நோக்கி அது ஒருபோதும் திரும்பவில்லை.

ஒரு பதவிக்கு இருவர் என்னும் முடிச்சை அவிழ்க்கும் வகையும் இத்தகையதே. ஜோசுவா வேறொரு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டு அவளுக்கு வழிவிடுகின்றான். ஆண்மகன் தன் உத்தியோகத்தைப் பெண்ணுக்காக விடுவது பழைய காதற்கதைகளில் அரிது. இங்கு ஆசிரியரைப் பாராட்டுகின்றோம். எனினும் வேறு வேலை கிடைக்காத ஜோசுவாக்கள் என் செய்வர்? காதலன் ஒருவனின் பெருந்தன்மையால் ஒருத்திக்கு இடம் கிடைக்கின்றது. வேலையிழந்த தோழிக்கு அத்தகைய காதலன் இல்லை. அவளிடமோ நாவல் தங்கி நிற்பதில்லை.

எதிரெதிரான இரு மேசைகளோடு, காலியாகிவிட்ட அம்மூன்றாவது மேசையையும் கண்முன் நிறுத்தி, இதே விறுவிறுப்போடு ஒரு காதற்கதை எழுத இயலுமா? இயலும் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அதற்கு நம் எழுத்தாளர் லூசியிடமிருந்து ஒன்றைக் கற்கவேண்டியிருக்கும். நமது சமூக நாவல்களிலே கந்தோர்ப் பெண்கள் பெருமூச்சு விடுகின்றனர், கண்ணீர் வடிக்கின்றனர், சில வேளை கொடியும் பிடிக்கின்றனர். அவர்களுள் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று!